பிணியாளர் நம்பிக்கையும் பணிசெய்வோர் கடமையும்

மூடநம்பிக்கைகளை விட்டொழித்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நம்மனோர்க்கு, அவற்றை இன்னும் கைக்கொண்டிருக்கும் ஒருவர் நோயுற்று நம் கையில் வந்து சேருங்கால் எவ்வாறு நடந்துகொள்வது என்னும் வினா எளியதன்று. தவறெனக் கண்டதைத் தவறென்று சொல்லுதல் வாய்மையின்பாற்பட்டது. நொந்து கிடப்பவரை மேலும் நோகச் செய்யாதிருத்தல் கருணையின்பாற்பட்டது. இரண்டும் நமக்கு வேண்டியனவே. ஒன்றோடொன்று முட்டும்போது எதனை முன்வைப்பது?

இவ்வினா ஏட்டிலிருந்து எழுந்ததன்று. திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்கு ஏறும் சாலையில், விதுரையைக் கடந்தால், கல்லாறு என்னும் மலையூர் வரும். ஆற்றின் பெயரே ஊர்க்கும் பெயர். அங்கே ஓர் உபாசகர் இல்லத்தில் நிகழ்ந்த தம்ம உரையின் முடிவில், சிங்கப்பூர் மருத்துவமனையொன்றில் செவிலியர் பணி ஏற்றுப் புறப்படவிருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்: “ஐயா, அங்கே நோயாளிகளிற் பெரும்பாலோர் சீனர். குளிர்ந்த நீர் ஆகாது, பிள்ளை பெற்றவள் தலை முழுகலாகாது, நான்காம் எண் கட்டில் ஆகாது என்பார்களாம். இவை போன்றவற்றை எங்கள் பாட்டிமார் சொன்னபோது, ஆராயாமல் எதையும் நம்பாதீர்கள் என்று எங்களுக்குக் கற்பித்தவர் நீங்கள்தாம். அங்கே போய் நான் தலையாட்டுவதா, மறுத்துரைப்பதா?”

“மகளே, இரண்டும் அல்ல, முதலில் கேள்” என்று அன்று சுருக்கமாகச் சொன்னேன். நம் பிள்ளைகள் பலர் இன்று மருத்துவப் பணியில் இருத்தலின், அச்சுருக்கத்தை ஈண்டு விரித்தெழுதுதல் பயனுடைத்து எனக் கருதுகிறேன்.

வினய பிடகத்து மகாவக்கத்தில் ஒரு வரலாறு உண்டு. வயிற்றுக்கடுப்பால் வருந்திய பிக்கு ஒருவர் தம் கழிவிலேயே விழுந்து கிடந்தார். அவரால் தங்களுக்கு யாதொரு பயனும் இல்லையென்று ஏனைய பிக்குகள் அவரைக் கவனியாது விட்டனர். பகவான் புத்தர் தாமே நீர் வார்க்க, ஆனந்தர் கழுவ, ஒருவர் தலையையும் ஒருவர் காலையும் பற்றி எடுத்துக் கட்டிலிற் கிடத்தினர். தமக்குப் பணிசெய்ய விரும்புவோர் நோயுற்றவர்க்குப் பணிசெய்க என்று பகவான் அருளியது அப்போதுதான். இவ்வளவும் நாம் மேடைதோறும் சொல்வதே. அதன்பின் வரும் பகுதியை நாம் அத்துணையாகச் சொல்வதில்லை. பணிசெய்வோன் எத்தகையனாயிருத்தல் வேண்டும், பணிசெய்தற்கு அரிய நோயாளி எத்தகையன் என்று அங்கே வகுத்துரைக்கப்பட்டுள்ளது. மருந்து கூட்டத் தெரிதல், ஒத்ததையும் ஒவ்வாததையும் அறிதல், ஊதியங் கருதாது அன்பினாற் செய்தல், மலசலத்திற்கும் சளிக்கும் அருவருப்புக் கொள்ளாமை, தக்க சொல்லால் தேற்றுதல் ஆகியவை பணிசெய்வோனுக்கு உரியன. பணிசெய்தற்கு அரிய நோயாளியின் குறைகளுள் ஒன்று, தன் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா, நின்றிருக்கிறதா என்பதை உள்ளவாறு உரையாமை.

இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும். நோயாளி ஏன் உரையாது மறைக்கிறான்? பல வேளைகளில் குற்றம் அவனிடத்து இல்லை. சொன்னால் நகைப்பார்கள் என்னும் அச்சமே அவன் வாயைக் கட்டுகிறது.

நான் வேலை செய்த நூற்பாலையில் இதனைக் கண்கூடாகக் கண்டேன். புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்தோர்க்கு வார விடுமுறை கழித்து உள்ளே வந்த முதல் நாளன்று நெஞ்சு இறுகும், மூச்சு முட்டும். இரண்டு மூன்று நாள் சென்றால் சற்றே இளகும். அதற்கு அவர்கள் கண்ட விளக்கம் வேறு. ‘ஓய்வு நாளில் உடம்பு குளிர்ந்து போகிறது, அந்தக் குளிர்ச்சி ஆலைச் சூட்டில் நெஞ்சுக்குள் உறைகிறது, வெல்லம் தின்றால் உருகி இறங்கும்’ என்பார்கள். வேட்டி மடிப்பில் ஒரு துண்டு வெல்லம் இல்லாத ஆள் அங்கே இல்லை. இதைக் கேட்ட மருத்துவர் ஒருவர், “வெல்லம் போதுமானால் நான் எதற்கு?” என்று நகைத்தார். அன்று முதல் எங்கள் ஆட்கள் அவரிடம் ‘இருமல்’ என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். அவரும் ஒரு புட்டி இருமல் மருந்து தந்து அனுப்பினார்.

பின்னாளில் நூலகத்தில் அமர்ந்து படிக்கும்போதுதான் அறிந்தேன். பஞ்சுத் தூசியால் வரும் நுரையீரல் நோய்க்குப் பிசினோசிஸ் என்று பெயர். விடுமுறை கழிந்த முதல் வேலை நாளில் நெஞ்சிறுக்கம் தோன்றுவதே அந்நோயின் தலையாய அடையாளம். தூசியினின்று விலகியிருந்து மீண்டும் அதற்குள் புகும்போது மூச்சுக்குழல் சுருங்குகிறது. அப்போதே ஆளை வேறு பகுதிக்கு மாற்றினால் தேறுவான். ஆண்டுக்கணக்கில் விட்டால் மூச்சு மீளாது. எங்கள் ஆட்களின் விளக்கம் பிழை, வெல்லமும் மருந்தன்று. அவர்கள் கண்ட காட்சியோ முற்றும் சரி. விளக்கத்தை நகைத்தவர் காட்சியையும் சேர்த்து இழந்தார்.

இதனை மனத்திற்கொண்டு சீனர் நம்பிக்கைகளை நோக்குவோம். உலகம் யின், யாங் என்னும் இரு தன்மைகளின் ஒத்திசைவால் இயங்குகிறது என்பது அவர்தம் பண்டைக் கொள்கை. குளிர்ச்சி, நிழல், அமைதி யின். வெம்மை, ஒளி, இயக்கம் யாங். ‘சி’ எனப்படும் உயிராற்றல் உடலில் தடையின்றி ஓடி, இவ்விரண்டும் ஒத்திருந்தால் நலம். ஒன்று மிகின் நோய். உணவும் அவ்வாறே பகுக்கப்படும். இஞ்சி சூடு, தர்ப்பூசணியும் வெள்ளரியும் குளிர்ச்சி. தொட்டால் சுடுவது வேறு, இயல்பில் சூடாயிருப்பது வேறு. மாம்பழம் சூடு, மோர் குளிர்ச்சி என்று வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ! மேலைநாட்டுச் செவிலியர் பாடம் படித்து அறிய வேண்டியதை நம் பெண்கள் அடுக்களையிலேயே அறிந்திருக்கிறார்கள்.

பிள்ளைப்பேற்றிற்குப் பின் சீனப் பெண்கள் ஒரு திங்கள் வீட்டினுள் இருந்து உடல் தேற்றுவது மரபு. காற்றுப் படலாகாது, குளிர்ந்த நீரைப் பருகுவதும் தொடுவதும் ஆகா, பழைய வழக்கப்படி தலை முழுகலாகாது. இஞ்சி, எள்ளெண்ணெய், கோழிச்சாறு மிகுதியாக உண்பர். நம் வீட்டுப் பத்தியமும் சுக்கு மிளகு பூண்டும் பிரசவ லேகியமும் நினைவுக்கு வருகின்றன அல்லவா? அறிவுடைய செவிலியர் இங்கே என் செய்வார்? மாத்திரையை வெந்நீரோடு கொடுப்பார். அதனால் மருந்தின் குணம் கெடாது. மறுக்கப்பட்ட மருந்து உட்செல்லும். மேல் கழுவுதல் வேண்டுமெனில், இஞ்சியிட்டுக் கொதித்தாறிய நீரைப் பலர் ஏற்பர். தூய்மை என்னும் நோக்கம் நிறைவேறிற்று. ஆனால் பெற்றவள் அசையாது கட்டிலிலேயே கிடந்தால் காலின் குருதிக்குழாயில் இரத்தம் உறையக்கூடும். அது நுரையீரலுக்கு ஏறின் உயிர்க்கே ஊறு. ஆதலின் நடக்கச் செய்தே ஆகவேண்டும். மரபு விலக்குவது காற்றையும் குளிரையுமேயன்றி, அறைக்குள் நடத்தலை அன்று. சன்னலை அடைத்து, காலுறை அணிவித்து, கைப்பிடித்து நடத்தினால் மரபும் பிழைத்தது; தாயும் பிழைத்தாள். இதில் பொய் யாதும் இல்லை என்பதைக் கவனிக்க.

நான்காம் எண்ணின் கதை வேறு. சீன மொழியில் நான்கு என்னும் சொல்லும் சாவு என்னும் சொல்லும் ஏறக்குறைய ஒரே ஒலியுடையன. எட்டு என்பது செழித்தலைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருத்தலின் அவர்க்கு மிக உவப்பானது. நம்மவரிற் பலரோ எட்டைச் சனியின் எண் என்று கண்டஞ்சுவர்! கடல் கடந்ததும் குணம் மாறுமாயின், குணம் எண்ணில் இல்லை என்பது வெள்ளிடைமலை. ஆயினும் அறுவைக்கு முந்தைய இரவில் ஒரு மூதாட்டிக்கு இத்தருக்கத்தைப் போதித்தல் வேண்டா. வேறு கட்டில் ஒழிந்திருப்பின் மாற்றித் தருக. அவர் உறங்குவார். தருக்கத்திற்கு வேறு நாள் உண்டு.

அம்மூதாட்டியின் தலைமாட்டில் குவான்யின் உருவம் இருப்பின், அதனை வேற்றுத் தெய்வம் என நம் பிள்ளைகள் எண்ணற்க. அவலோகிதரே சீனத்தில் குவான்யின் ஆனார். அவலோகிதர் உறையும் போதலக மலை தென்னாட்டு மலய மலையை அடுத்துளது என்று ஏழாம் நூற்றாண்டில் யுவான் சுவாங் எழுதிவைத்தார். அது நம் பொதியிலே என்பது ஆராய்ச்சியாளர் சிலரது கருத்து. அகத்தியர் அவலோகிதரிடம் தமிழ் கேட்டார் என்று வீரசோழியம் கூறும். கல்லாற்றைச் சூழ்ந்த மலைகள் அப்பொதியில் தொடரைச் சேர்ந்தனவே. சீன நாட்டுப் புத்தோ மலையின் பெயரும் போதலகத்தின் திரிபே. நம் மலையிலிருந்து புறப்பட்ட கருணையின் வடிவத்தை நாமே இகழ்வது எவ்வாறு பொருந்தும்?

இனி, இணங்கிப் போகலாகாத இடங்களைச் சொல்லவேண்டும். எல்லாவற்றிற்கும் தலையாட்டுதல் கருணையன்று, சோம்பல்.

சீனர் தாங்குயி என்னும் வேரைப் பெண்களின் குருதி வளத்திற்கென்று சாற்றில் இட்டுக் காய்ச்சுவர். இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்பவர் அச்சாற்றைப் பருகின் குருதிப்பெருக்கு நேரக்கூடும். அரிஸ்டலோக்கியா இனத்து மூலிகைகளால் சிறுநீரகம் அழியும் என்பது, 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில் உடல் மெலியச் சீன மூலிகை உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்தபோது உலகுக்குத் தெரியவந்தது. நம் ஆடுதீண்டாப்பாளையும் அவ்வினத்ததே. ஆகவே சீனரைச் சுட்டி நகைக்க நமக்கு இடமில்லை. இங்கே செவிலியர் தெளிவாக, அஞ்சாது தடுத்துச் சொல்லவேண்டும். ஆனால் தடுப்பதற்குமுன் தெரியவேண்டும். தெரிவதற்கு நோயாளி சொல்லவேண்டும். வெந்நீர் கேட்டபோது முகஞ்சுளித்தவரிடம் அவர் வேர்ச்சாற்றைப் பற்றி வாய் திறப்பாரா? சிறியதில் இணங்கியவர்க்கே பெரியதில் மறுக்கும் உரிமை கிட்டுகிறது.

அவ்வாறே, முதுகிற் செந்நிறக் கோடுகளோடு ஒரு குழந்தை வந்தால் அடித்தார்கள் என்று உடனே முடிவுகட்டலாகாது. எண்ணெய் தடவி நாணயத்தாலோ கரண்டியாலோ தோலைச் சுரண்டும் குவாஷா என்னும் வீட்டு மருத்துவம் உண்டு. மேலைநாட்டு மருத்துவமனைகளில் இத்தகைய தழும்புகள் பெற்றோர் அடித்த தழும்புகளாகப் பிறழ உணரப்பட்டதுண்டு. கேட்டறிக. கேட்டறிந்த பின்னும் ஐயம் நீங்காதாயின் மருத்துவரிடம் சொல்லுக. மரபு என்று சொல்லியே அடித்ததை மறைப்போரும் எந்நாட்டிலும் உளர்.

மரபில் மெய்யுண்டா பொய்யுண்டா என்பதை யார் ஆராய்வது? ஏழாம் நூற்றாண்டில் இந்நாட்டிற்கு வந்து நாலந்தாவில் பத்தாண்டு கற்ற சீனப் பிக்கு இத்சிங், தம் நூலில் மருத்துவத்தைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஊசி குத்தும் மருத்துவத்திலும் நாடி பார்த்தலிலும் தம் நாட்டினரை விஞ்சியோர் இல்லை என்று பெருமை பேசும் அவரே, தம் நாட்டார் சிலர் விலங்குகளின் மலசலத்தை அழகிய பெயரிட்டு மருந்தாக்குவதைக் கடுமையாகக் கண்டிக்கிறார். தன் மரபென்று தாங்கவும் இல்லை, தன் மரபென்று நாணவும் இல்லை. இதுவே பௌத்தன் கண்.

இக்காலத்திலும் அதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. மலேரியாவுக்கு மருந்து தேடச் சீன அரசு 1967-ஆம் ஆண்டில் தொடங்கிய திட்டத்தில் தூ யூயூ என்னும் அம்மையார் பழஞ்சுவடிகளைத் துருவினார். நான்காம் நூற்றாண்டுக் கே ஹோங் என்பார், சிங்ஹாவ் என்னும் பூண்டை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகச் சொல்லியிருந்தார், காய்ச்சச் சொல்லவில்லை. காய்ச்சினால் குணம் அழியும்போலும் என்று அம்மையார் ஊகித்து, மிகு வெப்பமின்றிச் சாரம் பிரித்தார். மனிதர்க்குக் கொடுக்குமுன் 1972-ஆம் ஆண்டில் தாமே உண்டு பார்த்தார். அதுவே ஆர்ட்டிமிசினின். 2015-ஆம் ஆண்டில் அவர்க்கு நோபல் பரிசு கிடைத்தது. சுவடியை வணங்கியிருந்தால் அவர் காய்ச்சாது பிழிந்த நீரோடு நின்றிருப்பார். நகைத்திருந்தால் அந்த வரியைப் படித்தேயிரார்.

கல்லாற்றைச் சூழ்ந்த மலைகளிலும் ஒத்ததொரு நிகழ்ச்சி உண்டு. 1987-ஆம் ஆண்டில் அகத்தியர் மலைக்காட்டில் ஆராய்ச்சியாளர் சென்றபோது வழிகாட்டிய காணிமக்கள் சிறு கனிகளை மென்றுகொண்டு களைப்பின்றி நடந்தனர். கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்து, பின்னரே ஆரோக்கியப்பச்சையைக் காட்டினர். பாலோட்டிலுள்ள தாவர ஆராய்ச்சி நிலையம் அதனை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தாக்கிற்று. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணிமக்களுக்கென்று ஒதுக்கப்பட்டு, அதற்கென 1997-ஆம் ஆண்டில் அறக்கட்டளையும் அமைந்தது. காணி வைத்தியர் சிலர் தங்களைக் கேளாமல் தங்கள் அறிவை விற்றதாகக் குறைகூறியதும் உண்மை. அக்குறையை நான் சிறிதென்று எண்ணவில்லை. கல்லாற்றுக் காணி மூதாட்டி இலட்சுமிக்குட்டி அம்மாள், தாயிடம் கற்ற மூலிகை அறிவிற்காக 2018-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருதுக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். காட்டினுள் வாழ்வோர் சொல்லைக் கேட்கவே தகாதென்று இருந்த நாட்டில் இவையெல்லாம் நேர்ந்தது நன்று. இருப்பினும் ஒன்று சொல்வேன்: நச்சுப்பாம்பு தீண்டியவரை, எவர்மேல் எத்துணை மதிப்பிருப்பினும், விடமுறிவு ஊசியுள்ள மருத்துவமனைக்கே முதலில் கொண்டுசெல்லவேண்டும். அங்கே நாழிகைதான் உயிர்.

இத்துணையும் சொன்னபின் ஓர் எச்சரிக்கை. ‘சீனர் இவ்வாறு நம்புவர்’ என்று குறிப்பெழுதிக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் மேலும் ஒட்டுதல் கூடாது. சிங்கப்பூரில் பிறந்த சீன இளைஞன் பனிக்கட்டியிட்ட நீரைக் கேட்கலாம். அவன் கிறித்தவனாயிருக்கலாம், எம்மதமும் கொள்ளாதவனாயிருக்கலாம். பெயரையும் முகத்தையும் கண்ட அளவில் ஒருவன் உள்ளத்தையும் உணவையும் அறிந்துவிட்டதாக எண்ணும் கொடுமையை நம்மினும் நன்கு அறிந்தவர் யார்? பிறப்பைக் கேட்டு நம்மை அளந்தவர்களின் அளவுகோலை நாம் நோயாளியின் கட்டிலருகே எடுத்துச் செல்வோமா? 1938-ஆம் ஆண்டில் இந்திய மருத்துவக் குழுவோடு சீனம் சென்ற கோட்னிஸ் என்னும் சோலாப்பூர் மருத்துவர் குறிப்பேட்டை நம்பவில்லை. அவர்கள் மொழியையே கற்றார். 1942-ஆம் ஆண்டில் அங்கேயே உயிர்நீத்தார். மொழி கற்க ஒழிவில்லாதோர் ஒரு கேள்வியாவது கேட்கலாம்: ‘இந்நோய் எதனால் வந்ததென்று நினைக்கிறீர்கள்? வீட்டில் இதற்கு என்ன செய்தீர்கள்?’ அவர் தலையசைத்தால் அதனை உடன்பாடு என்று கொள்ளற்க. பெரியவர்முன் ‘சரிங்க ஐயா’ என்று நாம் அசைக்கும் அசைப்பும் அத்தகையதே. திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பது நலம்.

எல்லாவற்றினும் கடினமானதை இறுதிக்கு வைத்தேன். புற்றுநோய் கண்டவர்க்கு அதனைச் சொல்லாது மறைக்கும்படி பிள்ளைகள் மருத்துவரை வேண்டுவது சீனக் குடும்பங்களில் வழக்கம்; நம் குடும்பங்களிலும் அருமையன்று. தந்தையின் சுமையைத் தாம் தாங்குவதே கடமை என்பது அவர்கள் கருத்து. பொய் பேசாமையைச் சீலமாக ஏற்ற நாம் இதற்கு உடன்படலாமா?

அபயராசகுமாரனுக்குப் பகவான் உரைத்ததை ஈண்டு எண்ணவேண்டும். மெய்யாகவும் நன்மை பயப்பதாகவும் உள்ள சொல்லைக்கூட, இனியதாயினும் இன்னாததாயினும், காலம் அறிந்தே ததாகதர் கூறுவார். பொய்யையோ, அது கேட்போர்க்கு இனியதே எனினும், அவர் கூறார். ஆக, காலந்தாழ்த்தலுக்கு இடமுண்டு; பொய்க்கு இடமில்லை. ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று செவிலியர் சொல்லலாகாது. ‘உங்கள் நோயைப் பற்றி முழுதும் அறிய விரும்புகிறீர்களா, அல்லது மகனிடம் சொன்னாற் போதுமா?’ என்று மருத்துவர் நோயாளியையே கேட்கலாம்; கேட்கவேண்டும். சிலர் மகனிடம் சொல்லுங்கள் என்பர். அஃது அவர் விருப்பம். அதனை மீறி அவர் செவியில் உண்மையைத் திணித்தல் வாய்மையன்று, வன்மை. சிலர் எல்லாம் சொல்லுங்கள் என்பர். அப்போது பிள்ளைகள் அழுதாலும் மறைக்க ஒருவர்க்கும் உரிமையில்லை. ஏனெனில் அவர்க்கும் முடிக்கவேண்டிய காரியங்கள் உண்டு: கொடுக்கவேண்டிய கடன், பேசாதிருந்த தம்பி, காணவேண்டிய ஊர். நோயுற்ற நகுலபிதாவின் அருகிருந்து அவர் மனைவியார் பேசியதைச் சூத்திரம் கூறுகிறது. நீர் பிழைப்பீர் என்று அவர் ஆறுதல் சொல்லவில்லை. தாம் நூல் நூற்றுப் பிள்ளைகளைக் காப்பதாகவும், இல்லத்தைக் குலையாமல் நடத்துவதாகவும், அறத்தினின்று வழுவாதிருப்பதாகவும் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். கவலையோடு சாகவேண்டா என்பதே அவர் பேச்சின் பொருள். சீனத் தந்தையின் மகன் நடைவழியில் செவிலியரின் கையைப் பிடித்து, ‘அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்’ என்று கெஞ்சும்போது, ‘நான் பொய் சொல்லமாட்டேன், ஆனால் நீங்கள் இல்லாதபோது அவரிடம் நானாக எதையும் உடைத்துப் பேசவும் மாட்டேன், அவர் கேட்டால் உங்களையும் மருத்துவரையும் அழைப்பேன்’ என்று சொல்லலாம். அம்மகன் முதலில் சினக்கக்கூடும். அன்றிரவே தந்தையின் அருகில் சென்று அமரவும் கூடும்.